தாத்தாவின் பார்க்கர் எந்த வருஷத்துப் பேனா?

ஆய்க்குடியில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மச்சில் இருந்த மரப்பெட்டியைக் கீழே இறக்குகிறார்கள். நிலப் பத்திரங்கள், மூக்குக்கண்ணாடிக் கூடு, உலர்ந்துபோன ரப்பர் ஸ்டாம்பு, அடியில் ஒரு பேனா. மூடி வெள்ளையாக மின்னுகிறது, உடல் கறுப்பு. நிப்பு முழுசாகத் தெரியவில்லை, முனை மட்டும் எட்டிப் பார்க்கிறது.

“ஆச்சி, இது பார்க்கர்லா!” என்கிறான் பேரன்.

“உங்க தாத்தா அதைத் தொட விடமாட்டாகளே” என்கிறார் ஆச்சி.

அடுத்த நிமிஷம் செல்போனில் தேடல் நடக்கிறது. அங்கேதான் குழப்பம் ஆரம்பம். ‘பார்க்கர் 51’ என்ற ஒரே பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்கும் பேனா இருக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. பார்வைக்கு எல்லாமே அண்ணன் தம்பி மாதிரி. நம் கையில் இருப்பது எது?

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் இதில் இரண்டு பக்கமும் நஷ்டம் உண்டு. தெரியாமல் விற்பவர், அபூர்வமான பேனாவை டிபன் செலவுக்குக் கொடுத்துவிடுவார். தெரியாமல் வாங்குபவர், நாலு உடைந்த பேனாக்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டிய ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டுவார். உற்பத்தி நின்றுபோன உயர்ரகப் பேனாக்களைச் சேகரிப்பவர்களுக்குப் பிராண்டின் பெயர் பெரிய விஷயமில்லை. எந்த வருஷம், எந்த ஆலை, எந்த வகை என்பதில்தான் விலையே இருக்கிறது. நல்ல வேளையாக, இதில் பாதிக்கு மேல் அந்தப் பேனாவின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

முதலில் பெயர். பார்க்கர் கம்பெனி 1888-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 1939-ல் அதற்கு 51-வது ஆண்டு. அப்போது உருவான பேனாவுக்கு அந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். 1941-ல் கடைக்கு வந்தபோது விலை பன்னிரண்டரை டாலர். அந்தக் காலத்தில் பேனாவுக்கு அது பெரிய தொகை. வேகமாக உலரும் புது மையைப் பார்க்கர் தயாரித்திருந்தது. மை சீக்கிரம் உலர்ந்தால் நிப்பிலும் உலர்ந்துவிடுமே? அதற்காகத்தான் நிப்பை ஒரு முகமூடிக்குள் ஒளித்தார்கள். அந்த மை சாதாரண பிளாஸ்டிக்கை அரித்துவிடும். அதனால் உடலை லூசைட் என்ற அக்ரிலிக்கில் செய்தார்கள். எண்பது வருஷமாகியும் பல 51-கள் புதுசு மாதிரிப் பளபளப்பதற்கு இந்த லூசைட்தான் காரணம். இன்னும் சொல்லப்போனால், மைக்காகச் செய்த ஏற்பாடுதான் பேனாவின் ஆயுளாகிவிட்டது.

1945 மே 7-ல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் ஜெர்மனியின் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானது. அதன்பின் தளபதி ஐசனோவர் இரண்டு பேனாக்களை வெற்றிக் குறியாக ‘வி’ வடிவில் உயர்த்திப் பிடித்த படம் உலகெங்கும் பரவியது. அவை பார்க்கர் 51. அதற்குமேல் விளம்பரம் வேண்டுமா?

நம் ஊருக்கு இந்தப் பேனா வந்தது கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் பக்கம் போய்த் திரும்பியவர்களின் சட்டைப் பையில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்ததும் ‘ஃபாரின் பேனா’ என்ற சொல்லுக்கே தனி மரியாதை சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு பேனாவும் போட்ட வீடுகள் இருந்தன. பெயர் வெட்டித் தரும் வழக்கமும் இருந்தது, பாத்திரத்தில் வெட்டுவதுபோலவே. சேகரிப்பாளர்கள் சிலர் பெயர் வெட்டிய பேனாவுக்குக் குறைத்துக் கேட்பார்கள். பெயரைத் தேய்த்து அழித்தால் இன்னும் குறையும். ஆகவே அதில் கை வைக்க வேண்டாம்.

இனி பேனாவைக் கையில் எடுக்கலாம்.

முதல் சோதனை மூடி. பழைய 51-ன் மூடியைத் திருக வேண்டியதில்லை. நேராக இழுத்தால் வந்துவிடும், திரும்ப வைக்கும்போது மெத்தென்று பிடித்துக்கொள்ளும். உடலுக்கும் முகமூடிக்கும் நடுவில் ஒரு உலோக வளையம் இருக்கும், அதில்தான் பிடிமானம். மூடியைத் திருகித்தான் கழற்ற முடிகிறது என்றால் அது அண்மையில் பார்க்கர் அதே பெயரில் மறுபடியும் கொண்டுவந்த புது 51. 2021 வாக்கில் கடைக்கு வந்தது. உள்ளே கார்ட்ரிட்ஜ் போடும் வகை. மோசமான பேனா என்று சொல்ல முடியாது. ஆனால் ‘தாத்தா காலத்துது’ என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

அடுத்தது மை நிரப்பும் முறை. பெரிய பிரிவினை இங்கேதான். உடலின் வால்பக்கம் ஒரு சிறிய மூடி திருகிக் கழன்று, உள்ளே அமுக்கும் குமிழ் தெரிந்தால் அது ‘வாக்குமாட்டிக்’. 1941 முதல் 1948 வரை வந்த வகை. குமிழை அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு ஏறி இறங்கி மையை இழுக்கும். வாலில் குமிழ் இல்லாமல் உடல் முழுவதும் பாதியில் திருகிக் கழன்று, உள்ளே வெள்ளிநிற உலோகக் குழாயும் அதில் ஒரு அமுக்குப் பட்டையும் இருந்தால் அது ‘ஏரோமெட்ரிக்’. 1948-க்குப் பிறகு வந்தது. அந்தக் குழாயின் மேலேயே எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். சிலவற்றில் 4 தடவை, சிலவற்றில் 6 தடவை. பேனா பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் இந்த வாசகத்தைக்கூட விடாமல் குறித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் பாவம்தான்.

வாக்குமாட்டிக் ஆளுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் உண்டு, பிறந்த தேதி. உடலில் பொறித்த எழுத்துகளோடு ஒற்றை எண் ஒன்று இருக்கும். பக்கத்தில் ஊசிமுனைப் புள்ளிகள். எண் என்பது வருஷத்தின் கடைசி இலக்கம். வருஷத் தொடக்கத்தில் அச்சில் 3 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு காலாண்டு முடிய ஒரு புள்ளியைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ஆக, 5-க்குப் பக்கத்தில் 2 புள்ளி என்றால் 1945 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் செய்தது. புள்ளியே இல்லையென்றால் வருஷக் கடைசி. ஆலைக்காரர்கள் தங்கள் வசதிக்கு வைத்த குறி இது. இன்று ஒரு பேனாவுக்கு ஜாதகம் எழுத உதவுகிறது. ஏரோமெட்ரிக் வகையில் தொடக்க வருஷங்களுக்குப் பிறகு இந்தக் குறி மறைந்துவிட்டது.

இதைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். அதுவும் இல்லாவிட்டால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். ஆனால் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்த எழுத்துகள் மயிரிழை ஆழம்தான். வெள்ளிப் பாத்திரம் விளக்குவதுபோல் பவுடர் போட்டு நாலு தேய் தேய்த்தால் பேனா பளபளக்கும், பிறந்த தேதி போய்விடும். வீடு சுத்தம் செய்யும் நாளில் அழிந்த அபூர்வங்கள்தான் அதிகம்.

கிளிப்பைப் பாருங்கள். அம்பு வடிவம், இறகுகளோடு. அதில் நீல நிற வைர வடிவம் ஒன்று பதித்திருந்தால் 1940-களின் பேனா. வாழ்நாள் உத்தரவாதத்துக்கான அடையாளம் அது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். எனவே ஏரோமெட்ரிக் உடலில் நீல வைர மூடி வந்தால் புருவம் உயர வேண்டும். வகை மாறிய 1948 வாக்கில் இரண்டும் கலந்து வந்திருக்க வாய்ப்பு கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பாலும் யாரோ பிற்பாடு மூடியை மாற்றியிருப்பார்கள்.

மூடியின் உச்சியில் ஒரு குமிழ்மணி இருக்கும். முதல் சில வருஷங்களில் உடலின் வால்நுனியிலும் அதே மாதிரி இன்னொரு மணி உண்டு. இதை ‘இரட்டை மணி’ வகை என்று தேடுகிறார்கள். முதல் வருஷமான 1941-ல் அந்த மணியை அலுமினியத்தில் செய்தார்கள். அலுமினிய மணியோடு ஒன்று கிடைத்தால், சேகரிப்பாளர் முகத்தில் அன்று சாப்பாடு தேவைப்படாத மகிழ்ச்சி தெரியும்.

மூடி எதனால் ஆனது என்பது அடுத்த கணக்கு. மங்கலான எஃகு நிறத்தில் இருந்தால் ‘லஸ்ட்ராலாய்’, துருப்பிடிக்காத எஃகுதான், மிகச் சாதாரணம். ஸ்டெர்லிங் வெள்ளி மூடி உண்டு, கறுத்திருக்கும். தங்கநிற மூடியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். விளிம்பில் 1/10 என்று போட்டு 16 கே என்று இருந்தால் அது முழுத் தங்கமல்ல. மூடியின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் 16 காரட் தங்கம். நம் ஊர் ரோல்டு கோல்டு வகையறா. தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் பித்தளை பல்லிளிக்கும். முழுத் தங்க மூடியும் செய்திருக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவு. நகைக்கடைத் தராசில் இந்த மூடியை வைப்பதற்கு முன்னால் இந்த ஒரு எழுத்தைப் படித்துவிடுவது நல்லது. பழைய இரும்புக்காரரும் சரி, அடகுக்காரரும் சரி, நிப்பின் 14 காரட்டை மட்டும்தான் எடை போடுவார்கள். பேனாவாக விற்றால் கிடைப்பதில் அது சிறு துண்டு.

நிறத்தில்கூட விஷயம் இருக்கிறது. கறுப்புக்குப் பார்க்கர் வைத்த பெயர் ‘இந்தியா பிளாக்’. கேட்கப் பெருமையாக இருக்கும், ஆனால் அதிகம் கிடைப்பதும் அதுதான். ‘பிளம்’ என்ற நாவல்பழ நிறம் சில காலமே வந்தது. அதனால் அதே பேனா, அதே நிப்பு என்றாலும் அந்த நிறத்துக்கு விலை கூடுதல். பர்கண்டி என்னும் கருஞ்சிவப்பைப் பிளம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. குழல் விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று இல்லாமல் ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நியூஹேவன் என்ற ஊரில் பார்க்கருக்கு ஆலை இருந்தது. மூடி ஒரு நாடு, உடல் ஒரு நாடு என்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அது ஒட்டுப் பேனா. எழுதும், குறை சொல்ல முடியாது. சேகரிப்பு விலை கிடைக்காது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: அது 51 தானா? 1948-ல் பார்க்கரே மலிவு விலையில் ‘21’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் நிப்பு ஒளிந்திருக்கும், ஆனால் தங்கமல்ல, ஆக்டேனியம் என்ற உலோகக் கலவை. எட்டு உலோகம் சேர்ந்தது, அதனால் அந்தப் பெயர். பிளாஸ்டிக்கும் லூசைட் அளவுக்கு உறுதி கிடையாது, விரிசல் விடும். 51-லேயே ‘ஸ்பெஷல்’ என்று ஆக்டேனியம் நிப்போடு ஒரு மலிவு வகை வந்தது. நம் வீடுகளில் ‘பார்க்கர்’ என்று தலைமுறையாகச் சொல்லிவரும் பல பேனாக்கள் உண்மையில் 21. இன்னும் பல, சீனாவின் ‘ஹீரோ’. ஷாங்காயின் ஹீரோ 616 ஏறத்தாழ 51-ன் ஜாடைதான். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தப் பேனா ஒரு கனவு, பரிசாகக் கிடைத்தால் தெருவே பார்க்கும். இப்போது விங் சங் 601 என்ற சீனப் பேனா வாலில் அமுக்கும் குமிழோடுகூட வருகிறது. எனவே குமிழைப் பார்த்த மாத்திரத்தில் வாக்குமாட்டிக் என்று குதிக்க வேண்டாம். பொறித்த எழுத்தும் குமிழும் கிளிப்பும் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

தென்மாவட்டப் பேனாக்களில் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தென்காசியிலிருந்து சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாகப் போனால் சாத்தூர். காராச்சேவுக்கும் வெள்ளரிப்பிஞ்சுக்கும் பெயர்போன அந்த ஊர், ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பெயர்போனது. வீட்டுக்கு வீடு பட்டறை. பால்பாயின்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சாப்பிட்டுவிட்டது. இதற்கும் விலையுயர்ந்த பேனாவுக்கும் என்ன சம்பந்தம்? நிப்பு வெளியே தெரியும் பழைய வெளிநாட்டுப் பேனாக்களில், ஷீஃபர், ஸ்வான் போன்றவற்றில், தங்க நிப்பு வளைந்தாலோ கஷ்ட காலத்தில் தட்டானிடம் போனாலோ அந்த இடத்தில் எஃகு நிப்பு ஒன்று ஏறிவிடும். பேனா தொடர்ந்து எழுதியது, குழந்தைகள் பரீட்சை எழுதினார்கள். இன்று விற்கப்போகும்போது மட்டும்தான் தெரியும், உடல் லண்டன், நிப்பு சாத்தூர் என்று. வாங்குகிறவர் நிப்பில் பொறித்த பெயரும் உடலில் உள்ள பெயரும் ஒன்றா என்று முதலில் பார்ப்பது இதனால்தான்.

நம் நாட்டுப் பேனாக்களிலும் இந்த வேட்டை நடக்கிறது. ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் 1930-களில் கடைசல் பிடித்துச் செய்த எபோனைட் பேனா முக்கியமானது. காந்திக்கு அந்தப் பேனா தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா மூலமாகப் போய்ச் சேர்ந்தது. எழுதிப் பார்த்த காந்தி 1935-ல் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். கடைவீதியில் விற்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்பது அதன் சாரம்.

அதே காந்தி பெயரில் 2009-ல் ஜெர்மனியின் மோன்பிளாங்க் நிறுவனம் ஒரு பேனாவை வெளியிட்டது. விலை 11 லட்சம் ரூபாய்க்கு மேல்! தண்டிக்கு நடந்த 241 மைல் கணக்கில் 241 பேனாக்கள் மட்டும். நிப்பில் கோலூன்றி நடக்கும் காந்தி, உடலைச் சுற்றித் தங்க இழை, நூல் நூற்பதன் ஞாபகமாக. கூடவே 3,000 என்ற எண்ணிக்கை வரம்போடு விலை குறைந்த இன்னொரு வரிசை. எளிமைக்கு இப்படியும் ஒரு மரியாதையா என்று பலர் கேட்டது நியாயம்தான். தேசியச் சின்னங்கள், பெயர்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2010-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதே அதன் மதிப்பைக் கூட்டியது என்பது வேடிக்கை. இணையத்தில் ‘காந்தி பேனா’ என்று யாராவது விற்றால் பேனாவில் உள்ள வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும். சாய்கோட்டுக்குப் பின்னால் 241 இருக்கிறதா, 3000 இருக்கிறதா? விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் அது.

மோன்பிளாங்க் பற்றி இன்னொரு சிறு குறிப்பு. கிளிப் வளையத்தில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால், இரண்டு ஜெர்மனிகளும் 1990-ல் இணைந்த காலத்துக்கு முந்தியது. ஒரு தேசத்தின் வரலாறு கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறது.

பழைய பேனாவை எழுத வைக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் குறடு போட்டுத் திருகக் கூடாது, சுடுதண்ணீரில் போடக் கூடாது, ஸ்பிரிட், பெட்ரோல் எதுவும் வேண்டாம். லூசைட்டில் ஸ்பிரிட் பட்டால் உள்ளுக்குள் முடி முடியாக விரிசல் ஓடும். எபோனைட் பேனாவைத் தண்ணீரில் ஊறப் போட்டால் கறுப்பு வெளுத்துப் பாசி நிறமாகிவிடும். அதை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். வாக்குமாட்டிக்கின் ரப்பர் சவ்வு இத்தனை வருஷத்தில் கெட்டிதட்டிப் போயிருக்கும். அதை மாற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ மாதிரி தலைமுறைகளாகப் பேனாவோடு வாழும் கடைகள் இன்னும் இருக்கின்றன. கொடுக்கும்போது ‘பளபளப்பாக்க வேண்டாம், எழுத்தை அழிக்க வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

ஏரோமெட்ரிக் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். அதன் மைப்பை ரப்பரல்ல, ஒளி ஊடுருவும் ஒருவகை பிளாஸ்டிக். எழுபது வருஷத்துக்கு முந்தியதுகூடப் பெரும்பாலும் இன்றைக்கும் இழுக்கும். நிப்புப் பக்கத்தை மட்டும் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் இரவு வைத்துவிட்டு, காலையில் பட்டையை மெதுவாக அமுக்கி விடலாம். நீலமாகவோ கறுப்பாகவோ மை புகைபோல இறங்கும். தண்ணீர் தெளியும்வரை மூன்று நாலு நாள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பிறகு பிரில் மாதிரி சாதாரண இங்க் பேனா மை போதும். மினுமினுப்புத் தூள் போட்ட மைகள் அதன் மெல்லிய வழிகளை அடைத்துவிடும்.

விற்பதாக இருந்தால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னாலேயே படம் எடுத்துக்கொள்வது நல்லது: மூடி விளிம்பின் எழுத்து, உடலின் எழுத்து, கிளிப், நிப்பின் முனை, உள்ளே இருக்கும் குழாய். இந்த ஐந்து படமும் இல்லாமல் விலை சொல்கிறவரிடம் பேனாவைக் கொடுக்க வேண்டாம். இந்த ஐந்து படமும் இல்லாமல் விலை கேட்கிறவரிடம் வாங்கவும் வேண்டாம்.